மாதிரியில் உள்ளபடி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் அண்ணாச்சி. இந்தக் கதையில் முதல் பாதி நான் கண்ணால் பார்த்தது இல்லை. என் அம்மா சொன்னது. அம்மாவுக்கு, சுற்றிய பீடியைக் கொடுக்கப் போன கடையில் வரிசையில் நின்ற ஒருத்தி சொன்னது. அந்த ஒருத்திக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன், அம்மா கோபப்பட்டாள். பின் பாதியில் நான் நேரில் இருந்தேன். எது எந்தப் பாதி என்று அந்தந்த இடம் வரும்போது சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லாமல் பேச எனக்கு வராது.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததும் நீங்கள் கேட்டது என்ன வேலை பார்க்கிறாய் என்று மட்டும்தான். ஆனால் உங்கள் மடியில் அந்த பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் லேமினேஷன் போட்ட சான்றிதழ்கள், இதையெல்லாம் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மகளுக்கா? நல்லது. வெயில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி, பதினோரு பேர். இணையதளத்தில் படிவம் செய்வது என் வேலை. முழுப் படிவம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். படிவத்தின் கடைசியில் "ஆவணத்தைப் பதிவேற்றவும்" என்று ஒரு கட்டம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டம் என்னுடையது. சிரிக்காதீர்கள். அதற்கு ஏழு வாரம் ஆனது.

ஒரு அறக்கட்டளை. பெயர் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு விடுதிக் கட்டணம் கட்டுகிறார்கள். பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்தக் குடும்பத்தில் இவருக்கு முன் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று தாசில்தார் கையெழுத்துப் போட்டுத் தருகிறாரே, முதல் பட்டதாரிச் சான்றிதழ், அதைப் படம் எடுத்து என் கட்டத்தில் ஏற்ற வேண்டும். என்னிடமும் அந்தச் சான்றிதழ் இருக்கிறது. எங்கள் வீட்டில் நான்தான் முதல். அதனால்தான் இந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கேட்டபோது, மற்றவர்கள் லீவில் இருந்ததாகச் சொன்னார்கள்.

முதல் நாள், கட்டம் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். சோதனைக்கென்று தனித் தளம் எங்களிடம் இல்லை. என் பெயரிலேயே ஒரு விண்ணப்பம் போட்டு என் சான்றிதழை ஏற்றினேன். பட்டென்று ஏறியது. அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். என்ன ஏறியது என்று அம்மாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் சந்தோஷப்பட்டாள்.

அதற்குப் பிறகுதான் விதிகள். ஒவ்வொரு விதிக்கும் காரணம் உண்டு அண்ணாச்சி, காரணம் இல்லாமல் நான் எதுவும் வைக்கவில்லை. பெரிய கோப்பு வந்தால் சர்வர் திணறும் என்றார்கள், அதனால் மேல் வரம்பு. சின்னதாக வந்தால் எழுத்து தெரியாது என்றார்கள், அதனால் கீழ் வரம்பு. எவ்வளவு வைப்பது? சரியான அளவு இதுதான் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இதற்குள் மாதிரிக்கு ஒரு சான்றிதழை அதே பக்கத்தில் வைக்கலாம் என்று முடிவாகியிருந்தது. பார்க்கிறவர்களுக்கு உதவியாக இருக்கும். யாருடையதை வைப்பது? அடுத்தவர் சான்றிதழை ஊர் பார்க்க வைப்பது தவறு. அதில் அப்பா பெயர், கதவு எண் எல்லாம் இருக்கும். அதனால் என்னுடையதை வைத்தேன். எங்கள் டீம் லீடர் ஷோபனா மேடம் பார்த்துவிட்டு, "குறுக்கே பெருசா மாதிரின்னு போட்டுடு, யாராவது எடுத்து மிஸ்யூஸ் பண்ணிடுவாங்க" என்றார். சிவப்பில் போட்டேன். போட்டபின் அதன் அளவு நூற்று எண்பத்தேழு கேபி வந்தது. கேபி என்றால் கோப்பின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சரி, இது நல்ல சான்றிதழ், தெளிவாக இருக்கிறது, இதற்குக் கொஞ்சம் கீழே கொஞ்சம் மேலே என்று நூற்று எண்பதிலிருந்து இருநூறு வரை வைத்தேன். அகலம், உயரமும் அப்படித்தான். கோப்பின் பெயரில் தமிழ் எழுத்து கூடாது, இடைவெளி கூடாது, புள்ளி ஒன்றுக்கு மேல் கூடாது. மொத்தம் பதினான்கு குறிப்புகள். எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். மற்ற தளங்களில் ஆங்கிலத்தில் இருக்கும்.

ஏறாவிட்டால் என்ன வரும் தெரியுமா? மற்ற இடங்களில் 'எரர்' என்று சிவப்பில் வந்து நிற்கும். எங்கள் அம்மா மாதிரி ஆட்கள் அதைப் பார்த்தால் பயந்துவிடுவார்கள். நான் எழுதியது: "மன்னிக்கவும். தங்கள் ஆவணம் ஏற்கப்படவில்லை. தயவுசெய்து சரியான ஆவணத்தைப் பதிவேற்றவும்." மன்னிக்கவும், தயவுசெய்து, இரண்டும் நான் சேர்த்தது. என்ன காரணத்தால் ஏற்கப்படவில்லை என்றும் எழுதியிருந்தேன். மேடம் அதை எடுக்கச் சொன்னார். "காரணம் சொன்னா அதுக்கேத்த மாதிரி மாத்திட்டு வந்துடுவாங்க" என்றார். யோசித்துப் பார்த்தேன், நியாயமாகத்தான் பட்டது.

ஏறிய சான்றிதழைச் சரிபார்க்க அறக்கட்டளையில் ஒருவர் இருந்தார். பத்மநாபன் சார். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்குக் கண் வலிக்கக் கூடாது என்று திரையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தேன். இடது பக்கம் மாதிரி, வலது பக்கம் பிள்ளை ஏற்றியது. கீழே ஒரே கேள்வி. "மாதிரியில் உள்ளபடி உள்ளதா?" உண்டென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. இரண்டு முறை சிவப்பு வந்தால் அந்த விண்ணப்பம் முடிந்தது. எத்தனை தடவை வேண்டுமானாலும் என்று விட்டால் அவருக்கு வேலை ஓயாது, அதனால் இரண்டு.

தளம் திறந்து மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. புகார் ஒன்றுகூட வரவில்லை. புகார்ப் படிவத்திலும் என் கட்டத்தையே வைத்திருந்தோம், ஆதாரம் இணைக்க. ஒருத்தர்கூட இணைக்கவில்லை. ஆபீஸில் எனக்குக் கைதட்டினார்கள்.

இனி வருவது அம்மா சொன்னது. நான் பார்த்தது இல்லை.

ஒரு புதன்கிழமை போன் வந்தது.

"ஏல துரை, ஒன் சர்டிபிகேட்டு இங்க ஊருக்கே போகுதாம்லா?"

"எந்த சர்டிபிகேட்டும்மா?"

"அதாம்ல, மொத பட்டதாரி. சுடலைமணி ஜெராக்ஸ் கடையில எல்லாப் பிள்ளையளுக்கும் ஒன்னோடதத்தான் ஏத்துதானாம். மத்தவிய சர்டிபிகேட்டு எதுவும் ஏறலயாம். ஒன்னோடது மட்டும் பட்டுனு ஏறுதாம். பீடிக்கடையில அத்தன பேரும் எங்கிட்ட வந்து சொல்லுதாவ. ராசியான சர்டிபிகேட்டாம்ல!"

"அம்மா, அது மாதிரிக்கு வச்சதும்மா. குறுக்க செவப்புல மாதிரின்னு எழுதியிருக்கும்."

"எழுதியிருந்தா என்ன? அதையும் சேத்துத்தான் ஏத்துதாவ."

நான் நம்பவில்லை. அடுத்தவர் ஆவணத்தை ஏற்றுவது குற்றம் என்று பதினான்காவது குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறேன். அதைப் படித்தபிறகு யாராவது செய்வார்களா? ஊரில் ஒன்று நடந்தால் பத்தாகச் சொல்வார்கள். அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன்.

"நீ நம்பாட்டிப் போ. அந்த முப்பிடாதி மவ ஒருத்திதான் வேண்டாம்னுட்டாளாம். இப்ப பாவம், அவளுக்குத்தான் கெடைக்கலயாம்."

முப்பிடாதி அக்கா எங்கள் தெருதான். அம்மாவோடு பீடி சுற்றுகிறவர். மகள் பெயர் உலகேஸ்வரி. திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்குக்கு இடம் கிடைத்திருந்தது. விடுதியில் அவளுக்கு ஒரு கட்டில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அறக்கட்டளையின் ஒப்புதல் வராவிட்டால் கட்டில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். வீட்டிலிருந்து தினமும் போய்வர முடியாது, ஒரு வழிக்கே மூன்று பஸ். அவள் அக்கா ராஜபாளையத்தில் ஒரு மில்லில் இருக்கிறாள். திங்கட்கிழமை இவளையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. இப்போது தாண்டினோமே, வாசலில் நீலப் பஸ் வரிசையாக நின்றதே, அந்த மாதிரி மில்.

அவள் என்ன செய்தாள் என்பதையும் அம்மாதான் சொன்னாள். சான்றிதழ் லேமினேஷன் போட்டது. போனில் படம் எடுத்தால் பளபளப்பு சரியாக முத்திரை மேல் வந்து விழுகிறது. பிளேடால் ஓரத்தைக் கீறி உரித்திருக்கிறாள். ஒரு மூலை கிழிந்து லேமினேஷனோடு வந்துவிட்டது, முத்திரை தப்பியது. படம் எடுத்தால் நாலாயிரம் கேபி. சுடலைமணி குறைத்தால் அறுபது. கூட்டினால் இருநூற்றுப் பத்து. மன்னிக்கவும், மன்னிக்கவும் என்று வந்துகொண்டே இருக்கிறது. கடையில் எல்லோரும், "எதுக்கும்மா இந்தப் பாடு, இசக்கிதுரையப் போட்டுட்டுப் போயேன்" என்றிருக்கிறார்கள். இசக்கிதுரை என் பெயர் அண்ணாச்சி. அங்கே அது ஏதோ பட்டனின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. அவள், "அது எம் பேரு இல்லையே" என்று சொல்லிவிட்டாள். படத்தைச் சுற்றி வெள்ளை இடம் எவ்வளவு விட்டால் எத்தனை கேபி கூடுகிறது என்று நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டு, மூன்றாவது நாள் நூற்று எண்பத்துநான்கில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். ஏறியது.

அதைக் கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. பாருங்கள், குறிப்புகளைப் படித்து முயற்சி செய்தால் முடிகிறது.

ஆனால் ஏறிய மறுநாளே சிவப்பு வந்துவிட்டதாம். காரணம்: மாதிரியில் உள்ளபடி இல்லை.

ஷோபனா மேடமிடம் போய்ச் சொன்னேன். "சரிபார்க்கிறது அவங்க வேலை, நம்ம வேலை கட்டம் மட்டும். அந்தப் பொண்ணைப் புகார்ப் படிவத்துல போடச் சொல்லு" என்றார். நானே அவளுக்காகப் போட்டுப் பார்த்தேன். ஆதாரம் இணைக்கச் சொன்னது. இணைத்தேன். மன்னிக்கவும் என்றது. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

இனி நான் நேரில் பார்த்தது.

மூன்றரை மணிக்கு சுடலைமணி அண்ணன் கடைக்குப் போனேன். வாசலில் புது போர்டு: "இங்கு கேபி குறைத்தும் கூட்டியும் தரப்படும்." நான் சென்னையில் படித்து, மதுரையில் வேலைக்குப் போனவன், அவருக்கு என் முகம் தெரியாது. பெயரைச் சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இசக்கிதுரையா? தந்தை பெயர் பரமசிவன், கதவு எண் நாலு பார் நூத்திப் பன்னெண்டு, வடக்குத் தெரு?"

"ஆமாண்ணே."

"தம்பி, ஒரு மாசமா ஒங்க சர்டிபிகேட்டு மொகத்துலதான் முழிக்கேன். ஒரு டீ சொல்லட்டா?"

வேண்டாம் என்றேன். இது குற்றம், தெரியுமா என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன்.

"குத்தம்தான்," என்றார். "ஆனா பக்கத்துலயே 'பதிவிறக்க'ன்னு பட்டன் வச்சிருக்கீங்களே தம்பி. நான் அத எறக்கித் திருப்பி ஏத்துறேன், வேற என்ன செஞ்சேன்?"

அந்தப் பட்டன் பெரிதாக்கிப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று வைத்தது.

உலகேஸ்வரி ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள். கையில் கிழிந்த மூலைச் சான்றிதழும் நோட்டும். நான்தான் அந்தக் கட்டத்தைச் செய்தவன் என்று சுடலைமணி அண்ணன் சொன்னார். அவள் ஒன்றும் திட்டவில்லை. நோட்டைத் திருப்பி என்னிடம் காட்டினாள்.

"நூத்தியெம்பதுல இருந்து எரநூறுக்குள்ளன்னு ஏன் வச்சீங்கண்ணே? நூறுலயே எழுத்து நல்லாத்தான தெரியுது. நான் போட்டுப் பாத்தேன்."

அது தர அளவீடு என்றேன். தலையாட்டினாள்.

பத்மநாபன் சார் நம்பர் என்னிடம் இருந்தது. அவருக்குக் கணக்குத் திறந்து கொடுத்ததே நான்தான். ஸ்பீக்கரில் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் சான்றிதழ் அசல், தாசில்தார் கொடுத்தது, நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"நான் இல்லேன்னு சொல்லலையேப்பா. ஆனா மாதிரியில செவப்பு எழுத்து இருக்கு. அந்தப் பொண்ணோடதுல இல்லை. கேள்வி என்ன? மாதிரியில உள்ளபடி இருக்கா? இல்லை."

"சார், அந்தச் சிவப்பு எழுத்து சான்றிதழ்ல வராது சார். அது நாங்க போட்டது."

"மத்த எல்லார்துலயும் இருக்கே."

"அவங்க எல்லாரும் மாதிரியவே ஏத்துறாங்க சார். அதுல என் பேரு இருக்கும், பாத்திருப்பீங்களே."

"பேரைப் பாக்கணும்னு எனக்குக் கேள்வி வைக்கலையேப்பா நீங்க. நீங்க வச்ச கேள்வி ஒண்ணு. அதுக்கு நான் பதில் சொல்றேன்."

"இந்த ஒண்ணுக்கு மட்டும் பச்சை கொடுத்துடுங்க சார். அஞ்சு மணிக்குள்ள."

அங்கே மவுஸ் அமுக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்:

"பச்சையை அமுக்கினா கீழ ஒரு வரி வருது. 'மாதிரியில் உள்ளபடி உள்ளது என உளமார உறுதி கூறுகிறேன்.' அதுல டிக் போட்டாத்தான் போகும். முப்பத்தேழு வருஷம் பேங்க்ல இருந்தேன். பொய்யா ஒரு டிக் போட்டதில்லை. தப்பா எடுத்துக்காதே."

போனை வைத்துவிட்டார். உளமார என்ற வார்த்தையும் நான் சேர்த்ததுதான்.

மணி நாலு நாற்பத்தாறு. உலகேஸ்வரிக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. அசலைத் திரும்ப ஏற்றினால் இரண்டாவது சிவப்பு வரும், அதோடு முடிந்தது. சர்வரில் புகுந்து நானே பச்சையாக மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கு அந்த அனுமதி இல்லை அண்ணாச்சி. தவறு நடக்கக் கூடாது என்று அந்த அனுமதியை எடுக்கச் சொன்னவனே நான்தான்.

சுடலைமணி அண்ணன் மவுசை என் பக்கம் நகர்த்தி வைத்தார். திரையில் என் சான்றிதழ் ஏற்கெனவே திறந்திருந்தது. அந்தக் கடையில் அது எப்போதும் திறந்தே இருக்கும்போல.

உலகேஸ்வரி என்னையே பார்த்தாள். "இதப் போட்டா கெடைச்சிருமாண்ணே?"

"கிடைச்சிரும்."

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

அதை நான் அதுவரை யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். யோசிப்பதற்குள் அமுக்கிவிட்டேன். நான்தான் அமுக்கினேன், அவளை அமுக்கச் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் நான் நேர்மையாக நடந்துகொண்டேன்.

பட்டென்று ஏறியது. அம்மா சொன்னது சரிதான், ராசியான சான்றிதழ்.

ஆறு நிமிஷத்தில் அவள் போனுக்குச் செய்தி வந்தது. "வாழ்த்துகள் செல்வி உலகேஸ்வரி. தங்கள் ஆவணம் தெளிவாக உள்ளது." சுடலைமணி அண்ணன் நாலு நாற்காலிக்கும் கேட்கிற மாதிரி, "இசக்கிதுரை கைவிட மாட்டாம்லா!" என்றார். உலகேஸ்வரி கிழிந்த சான்றிதழைப் பத்திரமாக நோட்டுக்குள் வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம். அப்பம் எங்க வீட்டுல மொதப் பட்டதாரி நானா, நீங்களா?"

"சட்டப்படி நீதான்," என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவள் மில்லுக்குப் போகவில்லை, விடுதிக்குப் போனாள்.

நான் வெள்ளிக்கிழமை இரவே மதுரைக்குத் திரும்பி, நடந்ததை ஷோபனா மேடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். நான் அமுக்கியதையும் எழுதினேன். மேடம் அந்த ஒரு பத்தியை மட்டும் எடுத்துவிட்டு மேலே அனுப்பினார். பரிகாரம் என்ன என்று கேட்டார்கள். பதினைந்தாவதாக ஒரு குறிப்பு சேர்க்கலாம் என்றேன்: "மாதிரியைப் பதிவேற்றக் கூடாது." கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். விதிகளில் தவறு இருப்பதாக யாருக்கும் படவில்லை, எனக்கும்தான். பட்டால் சொல்லிவிடுவேன்.

உங்கள் மகளுக்கு எந்தத் தளம் அண்ணாச்சி? போனைக் காட்டுங்கள். ஓ, 'ஆவணத்தைப் பதிவேற்றவும்' கட்டம். ஆமாம், இது நம்முடையதுதான். மன்னிக்கவும் என்று வந்ததா? எத்தனை தடவை? பதினொன்றா? ஒன்பதாவது குறிப்பைப் படித்தீர்களா? இல்லை, இல்லை, கோபப்படாதீர்கள், சும்மா கேட்டேன். தென்காசியில் இறங்கியதும் பார்ப்போம். அங்கிருந்து எங்கள் ஊர் பக்கம்தான், சுடலைமணி அண்ணன் கடை திறந்திருக்கும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. முதல் பாதி கேள்விப்பட்டது என்றேன் அல்லவா? அதை அப்படியே விட மனம் வரவில்லை. திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் பதிவுகளை எடுத்துச் சரிபார்த்தேன். பார்க்கிற அனுமதி எனக்கு உண்டு. ஊரில் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னது தவறு. குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். பச்சை வாங்கியவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அறுநூற்றுப் பன்னிரண்டிலும் நூற்று எண்பத்தேழு கேபி. அறுநூற்றுப் பன்னிரண்டிலும் என் பெயர், என் அப்பா பெயர், எங்கள் கதவு எண். கடைசியாக ஏறியது உலகேஸ்வரியுடையது.

சிவப்புப் பட்டியலையும் பார்த்தேன். அதில் முதல் வரிசையில், ப. இசக்கிதுரை என்பவரின் விண்ணப்பத்தில், ப. இசக்கிதுரை என்பவரின் அசல் சான்றிதழ் இருந்தது. முதல் நாள் சோதனைக்காக நான் ஏற்றியது, சிவப்பு எழுத்து போடுவதற்கு முன்னால். நிலை: நிராகரிக்கப்பட்டது. காரணம்: மாதிரியில் உள்ளபடி இல்லை.